வராத குழந்தைகளின் வருகைப் பதிவேடு

பிப்ரவரி 3, திங்கள்

தையல் நூல் விற்கிறவர்கள் கொடுத்த டைரி இது. ஜனவரி முழுக்கக் காலியாகவே போய்விட்டது. இனி எழுதலாம் என்றிருக்கிறேன். ஒன்றரை ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ் கிளம்பும்வரை சும்மா உட்கார்ந்திருக்கும் நேரம் இது. இந்த நேரத்தில் வேறு எதையாவது யோசித்தால் அழுகை வருகிறது.

பாப்பாவுக்கு எட்டு மாதம் ஆகிறது. அத்தைதான் பார்த்துக்கொள்கிறார். இன்று காலை இட்லியை என் தட்டில் வைத்துக்கொண்டே சொன்னார்: "அடுத்த வாரம் நான் தாராபுரம் போறேன் கண்ணு. நம்ம சுமிக்கு ஒம்பதாம் மாசம் பொறந்தாச்சு. அவளுக்கு வேற யாரு இருக்கா?"

சுமி அவர் மகள். எனக்கு யார் இருக்கிறார்கள் என்று நான் கேட்கவில்லை. என் கணவன் தினகர் சாப்பிட்டு முடித்து, கை கழுவி, துண்டில் துடைத்து, அப்புறம் நிதானமாகச் சொன்னான்: "வேலைய விட்டுரு கோகி. எம்.எஸ்.டபிள்யூ. படிச்சு ஊர்க் குழந்தைக்கெல்லாம் நலம் பாக்குற. உன்ற குழந்தைய யாரு பாக்கறது?"

என் வேலையின் பெயர் நல அலுவலர். முந்நூற்றுப் பதினேழு பேர் வேலை செய்யும் பனியன் கம்பெனி. அதில் இருநூற்றுப் பத்துப் பேர் பெண்கள். அவர்கள் நலம் என் கையில் இருக்கிறது. சிரிப்பாகத்தான் இருக்கிறது.

பிப்ரவரி 4

ஆடிட் இருபதாம் தேதி. எங்கள் பனியனை வாங்குகிற பையரான ஜெர்மனிக்காரனுக்காகச் சென்னையிலிருந்து ஓர் அம்மா வருகிறாராம். மேனேஜர் லோகநாதன் சார் கூப்பிட்டு வைத்துச் சொன்னார். போன ஆடிட்டில் 'குழந்தைகள் காப்பகம் இல்லை' என்று எழுதிவிட்டுப் போனார்கள். 'திறந்துவிட்டோம்' என்று இவர்கள் பதில் அனுப்பிவிட்டார்கள். இரண்டு வருடமாகத் திறந்தே இருக்கிறது. பெட்டிகள் அடுக்க.

பிப்ரவரி 6, வியாழன்

நேற்று நடந்ததை இன்று எழுதுகிறேன்.

காப்பக அறையை நானும் பேச்சியம்மாவும் போய்ப் பார்த்தோம். பேச்சியம்மா பெருக்குகிறவர். இந்த ஆடிட்டுக்கு மட்டும் ஆயா. கூரை வரைக்கும் அட்டைப்பெட்டி. பெட்டிகளுக்குப் பின்னால் சுவரில் யானை, பட்டாம்பூச்சி, ஆப்பிள் எல்லாம் வரைந்திருக்கிறது. பெயின்ட் அடித்த நாளிலிருந்து அந்த யானையை ஒரு குழந்தையும் பார்த்ததில்லை.

அங்கே நின்றபோதுதான் தோன்றியது. ஆடிட்டுக்காகத் திறப்பதை இரண்டு வாரம் முன்னாலேயே திறந்தால் என்ன? பாப்பாவையும் கொண்டுவந்துவிடலாம்.

சாரிடம் போய், "பழக்கம் இல்லாத குழந்தைங்க அன்னிக்கு மட்டும் வந்தா அழுதே காட்டிக்கொடுத்துரும் சார். முன்னாடியே வந்து பழகினா நல்லது" என்றேன். அவர் காதுக்குப் பிடித்தமான மாதிரி எப்படிப் பேசுவது என்பதை இந்த நாலு வருடத்தில் கற்றிருக்கிறேன்.

அவர் சிரித்தார். "படிச்சவங்கன்னா படிச்சவங்கதானுங்க மேடம். செஞ்சுபோடுங்க. உங்க பாப்பாவையும் கொண்டாங்க, கொழுகொழுன்னு இருக்கும், போட்டோவுக்கும் ஆச்சு." பிறகு குரலைத் தாழ்த்தி, "இருபதாந் தேதி வரைக்குந்தான். லைன்ல யாருகிட்டவும் அதச் சொல்ல வேண்டாம். புரியுதுங்களா?" என்றார்.

புரிந்தது.

தினகரிடம் காப்பகம் திறக்கிறது என்று மட்டும் சொன்னேன். "எத்தன நாளைக்கு?" என்றான். இவனுக்கு மட்டும் எப்படித்தான் சரியான கேள்வி வருகிறதோ.

பிப்ரவரி 10, திங்கள்

திறந்தாயிற்று. பாப்பா அந்த யானையைப் பார்த்து 'ங்ஙா' என்றாள். முதல் குழந்தை அவள். இரண்டாவது, செல்லக்கிளியின் மலர், ஏழு மாதம்.

செல்லக்கிளி மூன்றாம் லைனில், அதாவது மூன்றாம் தையல் வரிசையில், பேட்லாக் மெஷின் ஓட்டும் டைலர். ஊர் ஆண்டிப்பட்டிப் பக்கம். கை அவ்வளவு வேகம். வாய் அதைவிட வேகம். குழந்தையை என் கையில் கொடுக்காமல் பேச்சியம்மாவிடம் கொடுத்தாள். என்னைப் பார்த்து, "என்ன மேடம், திடீர்னு எங்க மேல பாசம்?" என்றாள். பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

அவளுக்கு என் மேல் கோபம் இருக்கிறது. காரணம் எனக்குத் தெரியும். அதை இன்று எழுத வேண்டாம்.

பிப்ரவரி 12

பாப்பாவைத் தவிர ஏழு குழந்தைகள். மூத்திர வாடை, பவுடர் வாடை, பேச்சியம்மாவின் அதட்டல். பத்தரைக்கும் மூன்றுக்கும் தாய்மார்கள் பால் கொடுக்க வருகிறார்கள். சூப்பர்வைசர் வாசலில் நின்று போனில் நேரம் பார்க்கிறான். "ஏன்க்கா, குழந்தை என்ன ஓட்டல் சாப்பாடா சாப்புடுது? இத்தன நேரம்?" என்றான் ஒருத்தியிடம். செல்லக்கிளி மாராப்பை இழுத்து விட்டுக்கொண்டு, "உங்காத்தா உன்னைய அவசரமா எறக்கி விட்டுட்டா போலருக்கு, அதான் இப்பிடி வளந்துருக்க" என்றாள். அவன் போய்விட்டான்.

நானும் அந்த அறையில்தான் பாலூட்டினேன். யாரும் எனக்கு நேரம் பார்க்கவில்லை.

பிப்ரவரி 13, வியாழன்

பதிவேடு.

இரண்டு வருடமாகக் காப்பகம் நடந்ததற்கு வருகைப் பதிவேடு வேண்டும். புதிதாகத் தெரியாத, பழைய நோட்டு ஒன்றை ஸ்டோரிலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள். பக்கம் பக்கமாக எண் அச்சடித்திருக்கிறது, கிழிக்க முடியாது. ஐந்து பேனாக்கள் வாங்கினேன். மாதத்துக்கு ஒரு பேனா என்று மாற்றி மாற்றி எழுத வேண்டும். தீபாவளி வாரம், பொங்கல் வாரம் காலியாக விட வேண்டும், அப்போது எல்லாரும் ஊருக்குப் போயிருப்பார்கள். மழைக்காலத்தில் நாலு பேருக்குச் சளி, விடுப்பு. டீக்கறைக்கு ஒரு பக்கம்.

குழந்தைகளை எங்கிருந்து எடுப்பது? பெயர்கள் ஆட்களின் கோப்போடு பொருந்த வேண்டும். அதனால் பிள்ளை பெற்றவர்கள் கோப்பைத் தேடினேன்.

அப்படி ஒரு கோப்பு கிடையாது. 'பேறுகால விடுப்பு' என்று எழுதிய அட்டைக்குள் ஒரே ஒரு விண்ணப்பம்தான் இருந்தது. என்னுடையது. ஆறு மாதம், சம்பளத்தோடு, எல்லாக் கையெழுத்தும் முத்திரையும் சரியாக. எனக்கு விடுப்புக் கொடுத்தபோது சாரின் வீட்டுக்குப் பழத்தட்டு கொண்டுபோய்க் கொடுத்தேன். காட்டுவதற்கு ஒரு கோப்பு தேவைப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

மற்றவர்கள் எல்லாரும் வேறு அட்டையில் இருந்தார்கள். 'பணி விலகல்'. நாற்பத்தோரு பேர். எல்லாக் கடிதத்திலும் ஒரே வாசகம்: 'குடும்பச் சூழல் காரணமாக நானே விரும்பி.' ஏழாம் மாதத்தில் எழுதி வாங்கிக்கொண்டு, பிள்ளை பெற்றுத் திரும்பி வந்தால் புது ஆளாகச் சேர்த்துக்கொள்வது இங்கே வழக்கம். பழைய சர்வீஸ் போயிற்று.

அந்த வாசகத்தை டைப் செய்தது நான். முந்தைய வாசகத்தில் பிழை இருந்தது. திருத்தி, நன்றாக இருக்கும்படி எழுதிக் கொடுத்தேன்.

செல்லக்கிளியின் கடிதங்கள் இரண்டு இருந்தன, பிள்ளைக்கு ஒன்றாக.

பிப்ரவரி 14

முத்தரசி, பெண், செல்லக்கிளியின் மூத்த குழந்தை. 2023 ஜனவரி முதல் நவம்பர் வரை. வந்த நேரம் 8.25. பால் 10.30. தூக்கம் 12. பால் 3. மற்றவர்களுக்கு ஆளுக்கு ஒன்றிரண்டு மாதம்தான் போட்டேன், இவளுக்குப் பதினொரு மாதம். தொடர்ச்சியாக ஒரு குழந்தை இருந்தால்தான் நம்பும்படி இருக்கும்.

முகம் தெரியாத குழந்தைகளுக்குப் பால் நேரம் எழுதிக்கொண்டே இருந்தால் கை தானாக எழுதுகிறது. முப்பதாவது குழந்தைக்கு வந்தபோது, 'இன்று முதல் பல்' என்று குறிப்புப் பத்தியில் எழுதிவிட்டேன். பாப்பாவுக்கு நேற்றுத்தான் முதல் பல் முளைத்தது. அதை அடித்து அழிக்கவில்லை. இருக்கட்டும், பார்க்க நிஜம்போல இருக்கிறது.

பிப்ரவரி 15, சனி

செல்லக்கிளியின் மாமியார் வாசலுக்கு வந்துவிட்டார். மஞ்சள் பையில் பால்பவுடர் டப்பா, மாற்றுத்துணி. மலரை ஊருக்குக் கூட்டிப்போக வந்திருக்கிறார். மூத்தவளும் அவரிடம்தான் இருக்கிறாளாம்.

செல்லக்கிளி மெஷினை நிறுத்திவிட்டு நேராக என்னிடம் வந்தாள். "மேடம், ஒண்ணு கேப்பேன், நெசத்தச் சொல்லணும். இந்த ரூமு நெலைக்குமா? நெலைக்கும்னா கெழவியத் திருப்பி அனுப்பிருவேன். இல்லேன்னா இப்பவே குடுத்து விட்டுருவேன். கெழவி திரும்ப வர நாலஞ்சு மாசம் ஆகும். பஸ்ஸுக்கும் ஆகாது, அதுக்கு மூட்டுவலி."

"ரூம்தான் திறந்திருக்கே, பாக்கறீங்கல்ல?" என்றேன்.

அவள் வாசலில் நின்ற கிழவியைப் பார்த்தாள். "சரி" என்றாள். கிழவி பையோடு திரும்பிப் போனார்.

நிலைக்கும் என்று நான் சொல்லவில்லை. அந்த வார்த்தை என் வாயிலிருந்து வரவில்லை. அவள் குழந்தை போனால் அவளைப் பார்த்து இன்னும் மூன்று குழந்தைகள் போகும். குறைந்தது ஐந்தாவது இருந்தால்தான் காப்பகம் என்று காட்ட முடியும். பாப்பாவுக்கு வேறு இடம் இல்லை. இதையெல்லாம் யோசித்து நான் பேசவில்லை. தானாக அப்படி வந்துவிட்டது.

அத்தை இன்று தாராபுரம் போனார்.

பிப்ரவரி 18

ஆடிட்டரிடம் பதில் சொல்லப் பயிற்சி. பெண்களைப் பத்துப் பத்துப் பேராக நிற்க வைத்தேன்.

"காப்பகம் எத்தனை நாளா இருக்கு?"

"ரெண்டு வருசமா."

"பிரசவத்துக்கு லீவு குடுக்கறாங்களா?"

"ஆறு மாசம். சம்பளத்தோட."

பின்வரிசையில் யாரோ, "அப்பிடியே ஒரு தங்கச் சங்கிலியும் போட்டாங்கன்னு சொல்லிருவோமா?" என்றார்கள். ஒரே சிரிப்பு. நான் மட்டும் சிரிக்கவில்லை. "வெளையாட்டு வேண்டாம். ஆர்டர் போச்சுன்னா உங்களுக்குத்தான் வேலை போகும்" என்றேன். இந்த வாக்கியமும் என்னுடையதில்லை. சார் எனக்குச் சொன்னது.

பிப்ரவரி 20, வியாழன்

முடிந்தது.

ஆடிட்டர் அம்மாவுக்கு நாற்பது வயது இருக்கும். காட்டன் புடவை, தோள்பை. கத்திப் பேசவில்லை. அதுதான் பயமாக இருந்தது. காப்பகத்தில் நாற்காலி வேண்டாம் என்று பாயிலேயே உட்கார்ந்து பதிவேட்டைப் புரட்டினார். பாப்பா தவழ்ந்துபோய் அவர் பேனாவைப் பிடித்தாள்.

செல்லக்கிளி அப்போது மலருக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஆடிட்டர் பெயர் கேட்டார். பதிவேட்டில் விரலை வைத்தார்.

"உங்க மூத்த பொண்ணும் இங்கதான் இருந்தாளா? முத்தரசி?"

செல்லக்கிளியிடம் நான் இதைச் சொல்லி வைக்கவில்லை. பொதுக்கேள்விகளைப் பழக்கிய நான், அவள் பெயரைப் போட்டதை அவளிடம் சொல்ல மறந்துவிட்டேன். மறந்தேனா என்று இப்போது எழுதும்போது யோசிக்கிறேன்.

அவள் மெதுவாகத் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள்.

"ஆமாங்க" என்றாள்.

"எத்தனை மாசம் இருந்தா?"

"அதுல என்ன போட்டுருக்கோ அத்தன மாசம்."

ஆடிட்டர் அந்தப் பக்கத்தை மறுபடி பார்த்தார். பிறகு எழுதிக்கொண்டார். போகும்போது என்னிடம், "பதிவேடு ரொம்ப நல்லா வெச்சிருக்கீங்க. முழுசா ஸ்கேன் பண்ணி, அடுத்த வெள்ளிக்கிழமை இருபத்தெட்டாம் தேதிக்குள்ள எனக்கு நேரடியா மெயில் பண்ணிடுங்க" என்று அட்டை கொடுத்தார். ஒரு கணம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நீங்களும் குழந்தையை இங்கதான் விடறீங்களா? நல்லது" என்றார்.

பாராட்டா, வேறு ஏதாவதா என்று தெரியவில்லை.

பிப்ரவரி 21

பாஸ் ஆகிவிட்டோம் என்று அரை கிலோ மைசூர்பாக். சார், "காப்பகத்துலதானுங்க மார்க் அள்ளிட்டோம்" என்றார்.

சாயங்காலம் செல்லக்கிளி வந்தாள். மேடம் என்று கூப்பிடவில்லை.

"அந்த நோட்ட எடு."

எடுத்துக் கொடுத்தேன்.

"எனக்குப் படிக்க வரும். ஆனா நீ படி. உன் வாயால."

படித்தேன். வந்த நேரம் எட்டு இருபத்தைந்து. பால் பத்தரை. தூக்கம் பன்னிரண்டு.

"பத்தரைக்கு யாரு பால் குடுத்தா?"

நான் நோட்டை மூடப் போனேன்.

"எங்க மாமியா பவுடரக் கரைச்சுக் குடுத்துச்சு, ஆண்டிப்பட்டில. நான் இங்க மாருல துணிய அடைச்சுக்கிட்டு பேட்லாக் ஓட்டுனேன். பத்தரைக்குக் கட்டிக்கிரும், பாத்ரூமுல போயி சுவத்துல பீச்சி விட்டுட்டு வருவேன். பொங்கலுக்குப் போனா எம் மக என்னைய அத்தேங்குது. நீ இங்ஙனயே இருந்துச்சுன்னு எழுதி வச்சுருக்க. சளி புடிச்சுச்சுன்னு வேற எழுதிருக்க."

"செல்லக்கிளி, எல்லாருக்கும் சேத்துத்தான்..."

"எம் மக பேர அடி. எனக்குப் புள்ள வளக்கக் குடுத்து வைக்கல, அதையாச்சும் ஒழுங்கா எழுது."

"அடிச்சா என் வேலை போயிரும்."

"போகட்டுமே" என்றாள். "நீயும் ஒரு காயிதம் எழுதிக் குடு. குடும்பச் சூழல்னு. அந்த வார்த்த ஒனக்குத்தான் மனப்பாடமாச்சே."

பிப்ரவரி 24, திங்கள்

காலையில் அறை பூட்டியிருந்தது. உள்ளே பெட்டிகள். வருகிற சனிக்கிழமை ஷிப்மென்ட், இடமில்லையாம். ஏழு பேரும் குழந்தைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார்கள். செக்யூரிட்டி, "குழந்தையோட உள்ள விடக்கூடாதுன்னு உத்தரவும்மா" என்றார். அரைமணி நேரம் நின்றுவிட்டுத் திரும்பிப் போனார்கள். அரை நாள் ஏழு மெஷின் ஓடவில்லை. மதியம் பக்கத்து வீடு, எதிர் வீடு என்று எங்கெங்கோ விட்டுவிட்டு வந்தார்கள்.

நான் பாப்பாவோடு ஸ்டாஃப் பஸ்ஸில் ஏற்கெனவே உள்ளே வந்திருந்தேன். ஜன்னல் வழியாகத்தான் பார்த்தேன்.

சார் கூப்பிட்டார். "உங்க பாப்பாவ உங்க ரூம்லயே வெச்சுக்கங்க மேடம். நீங்க ஸ்டாஃப். அது பிரச்சினையில்லைங்க. அந்த மூணாம் லைன்காரி ரொம்பப் பேசறாளாமா. ஷிப்மென்ட் முடியட்டும். கடுதாசி ஒண்ணு அடிச்சு ரெடியா வெச்சுக்கங்க."

பாப்பாவுக்கு இடம் கிடைத்துவிட்டது. நான் கேட்டது இதைத்தான். தினகரிடம் போனில் சொன்னேன். "பரவால்லையே" என்றான்.

பணி விலகல் கடிதம் அடித்தேன். பெயர் மட்டும் போடவில்லை.

பிப்ரவரி 26, புதன்

நேற்றையது.

குழந்தைகளை எப்படி உள்ளே கொண்டுவந்தார்கள் என்று தெரியவில்லை. செக்யூரிட்டி டீ குடிக்கப் போயிருந்தேன் என்கிறார். பேச்சியம்மா அவருக்குத் தங்கை முறை. எட்டரைக்கு என் அறைக் கதவு திறந்தது. செல்லக்கிளி மலரைக் கொண்டுவந்து என் மேசையில், ஃபைல்களுக்கு நடுவில் உட்கார வைத்தாள்.

"நோட்டுல பேரு இருக்குல்ல? வருகை போட்டுக்க" என்று சொல்லிவிட்டு மெஷினுக்குப் போனாள்.

அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. இன்னொருத்தி. தரையில், நாற்காலியில், பேச்சியம்மா விரித்த துணிமூட்டை மேல். ஆறு குழந்தைகள், பாப்பாவோடு ஏழு. ஏழாவது தாய் மட்டும் வரவில்லை. அவள் குழந்தை திங்களன்றே ஈரோடு போய்விட்டது.

சார் ஓடி வந்தார். "என்னங்க இது, சந்தையா? யாருடீ இதுக்கெல்லாம் தலைமை?" லைனைப் பார்த்துக் கத்தினார். ஒரு மெஷினும் நிற்கவில்லை. எல்லாரும் குனிந்து தைத்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாம் லைனிலிருந்து செல்லக்கிளி தலையைத் தூக்காமல் சொன்னாள்: "போச்சொன்னா போறோம் சார். ஆறு பேரும். சனிக்கெழம கன்டெய்னருக்கு நீங்களே பேட்லாக் ஓட்டிக்கங்க."

அவர் என் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க மேடம். இதுங்கள வெளிய அனுப்புங்க. உங்களுக்குத்தான மரியாதி குடுப்பாங்க?"

ஒரு குழந்தை என் கீபோர்டை நக்கிக்கொண்டிருந்தது. நான், "பெட்டிங்களக் கட்டிங் ஹாலுக்கு மாத்தினா ஆச்சுங்க சார்" என்றேன். என் குரல் கீச்சென்று வந்தது. "காப்பகம் இருக்குன்னு ஜெர்மன் பையருக்கு எழுதிக் குடுத்துட்டோம்."

"எழுதிக் குடுத்தது நீங்க" என்றார்.

"ஆமாங்க சார். நான்தான்."

அவர் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத வேண்டாம். "சனிக்கெழம வரைக்கும்" என்றார். "அதுக்கப்புறம் உங்க ரெண்டு பேரையுமே பாத்துக்கறேன்." பதினொரு மணிக்குப் பெட்டிகள் நகர்ந்தன. யானை தெரிந்தது.

மதியம் பாலூட்ட வந்த செல்லக்கிளி என் பக்கம் திரும்பவே இல்லை. "ரூம் திறந்தாச்சு" என்று நானாகச் சொன்னேன்.

"பாத்தேன். அதுக்காக உனக்குக் கும்புடு போடணுமா?" என்றாள். "பேர அடிச்சியா?"

பிப்ரவரி 27

அடித்தேன். நீலப் பேனாவால், ஸ்கேல் வைத்து. பதினேழாம் பக்கத்திலிருந்து இருபத்தேழாம் பக்கம் வரை, பதினொரு மாதம். பக்கத்தில் எழுதினேன்: 'இந்தக் குழந்தை வரவில்லை. ஆண்டிப்பட்டியில் இருந்தது.' கீழே கையெழுத்தும் இன்றைய தேதியும்.

பிறகு பணி விலகல் கோப்பிலிருந்த எண்களுக்குப் போன் செய்தேன். செல்லக்கிளியைத் தவிர்த்து நாற்பது பேரில் இருபத்திரண்டு பேர் எடுத்தார்கள். நான் யார் என்று சொன்னதும் ஐந்து பேர் வைத்துவிட்டார்கள். ஒருத்தி, "இப்ப எதுக்குடி கேக்குற?" என்றாள். மீதிப் பேர் குழந்தை எங்கே வளர்ந்தது என்று சொன்னார்கள். வத்திராயிருப்பு. அக்கா வீடு. பாலக்கோடு. பக்கத்து ரூம் ஒடிசாக்காரம்மா. வேலையே விட்டுவிட்டேன், நானேதான்.

சொன்னதைச் சொன்னபடி எழுதினேன். ஒரே பேனா. முதல் பல் வரியையும் அடித்தேன்.

தினகரிடம் சொல்லவில்லை. வேலை போனால் அவனுக்குத்தான் சந்தோஷம். அதை நினைத்தால்தான் ஆத்திரமாக வருகிறது.

பிப்ரவரி 28, வெள்ளி

ஐம்பத்திரண்டு பக்கம் ஸ்கேன் செய்தேன். பதினேழாம் பக்கம் கோணலாக விழுந்தது. திரும்ப வைத்து எடுத்தேன். ஆடிட்டர் அம்மாவுக்கு 10.40க்கு அனுப்பினேன்.

பால் நேரம் இருபது நிமிடம் பிந்திவிட்டது. பாப்பா அழுதுகொண்டிருந்தாள். காப்பகத்துக்குப் போய் மலரின் பக்கத்தில் உட்கார்ந்து பால் கொடுத்தேன். செல்லக்கிளி கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள், இடம் விடுவதற்கா, விலகுவதற்கா தெரியவில்லை.

பதிவேட்டில் இன்றைய பக்கத்தில் எழுதினேன். வந்த குழந்தைகள்: ஏழு. பால்: 10.50.